செல்ஃப் அடிக்குது, ஸ்டார்ட் ஆகல: பழைய வண்டி வச்சிருக்கிற அக்கா தங்கச்சிகளுக்கு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், வண்டி வைத்துத் தொழில் செய்யும் உறுப்பினர்களுக்காகப் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைப் பேசக் கூப்பிட்டப்ப, "கடன் வாங்கி முன்னேறுன கதையைச் சொல்லும்மா"ன்னாங்க. அந்தக் கதை இந்த மலர்ல ஏற்கெனவே நிறைய இருக்கும், நம்ம ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒண்ணு இருக்கு. அதனால நான் வேற ஒண்ணு பேசுறேன்னு கேட்டு வாங்கிக்கிட்டேன். பழைய வண்டி வச்சிருக்கிற நம்ம உறுப்பினர்கள் எனக்குப் போன் பண்ணினா, பத்துல எட்டு தடவை சொல்ற வார்த்தை ஒண்ணு இருக்கு. "அக்கா, செல்ஃப் அடிக்குது, ஆனா ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது." இன்னிக்கு அந்த ஒரு வார்த்தையைப் பத்தித்தான் பேச்சு.

நான் ஓட்டுறது ஒரு பழைய ஆம்னி. எங்க குழுவுல அரைக்கிற மசாலாப் பொடி, போடுற முறுக்கு, கடலை மிட்டாய் எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு எரியோடு, வேடசந்தூர்ப் பக்கம் போவேன். வியாழக்கிழமைன்னா அய்யலூர் சந்தை. மாருதி கம்பெனி இந்த வேனை 1984-ல கொண்டு வந்து, 2019-ல தயாரிப்பை நிறுத்திடுச்சு. மாருதி 800-ம், அம்பாசிடரும் 2014-லயே நின்னு போச்சு. ஆனா நம்ம பக்கத்து ரோட்டுல மூணும் இன்னும் ஓடுது. புது வண்டி வாங்குற விலைக்கு நம்ம கடன் எட்டாது. பழசு எட்டும். எட்டுறதை வாங்கி ஓட்டுறோம். இதுல வெட்கப்பட ஒண்ணும் இல்ல.

ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. வண்டி நின்னா அன்னிக்குச் சரக்கு போகாது. சரக்கு போகலைன்னா தவணை நிக்கும். ஒருத்தி தவணை நின்னா குழுவோட தரமதிப்பீடு குறையும், அடுத்த கடன் பன்னிரண்டு பேருக்கும் தள்ளிப் போகும். அதனால என் வண்டிக்குள்ள இருக்கிற ஒரு அழுக்குப் பிடிச்ச ஒயர், பக்கத்து வீட்டு அக்காவோட கறவை மாட்டுக் கடனைத் தடுக்க முடியும். இது எனக்கு மட்டும் உள்ள சங்கதி இல்லைன்னுதான் இந்த மேடையில பேசுறேன்.

முதல்ல காதைக் கொடுத்துக் கேளுங்க

"ஸ்டார்ட் ஆகல"ன்னு சொன்னா அதுல ரெண்டு சாதி இருக்கு. சாவியைத் திருப்பினா ஒண்ணுமே நடக்கல, இல்ல 'டிக்'னு ஒரு சத்தம் மட்டும் வருதுன்னா, அது பேட்டரி, பேட்டரி டெர்மினல், செல்ஃப் மோட்டார் சம்பந்தப்பட்டது. அது வேற கணக்கு. சாவியைத் திருப்பினதும் இஞ்சின் 'கர்ர் கர்ர்'னு நல்லாச் சுத்துது, ஆனா பத்திக்க மாட்டேங்குதுன்னா, அதுதான் இன்னிக்கு நாம பேசுறது. இந்த ரெண்டையும் பிரிச்சுச் சொல்லத் தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்சுது. இஞ்சின் நல்ல வேகத்துல சுத்துற வண்டிக்குப் புது பேட்டரி மாத்தச் சொன்னா, ஏன்னு கேக்குற உரிமை உங்களுக்கு இருக்கு.

ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு. இஞ்சின் சுத்துது, ஆனா இழுத்து இழுத்து, நோயாளி மாதிரி. சாவியைத் திருப்புற நேரத்துல ஹெட்லைட் மங்கி அணையப் போகுது. அப்ப பேட்டரியைத்தான் முதல்ல பாக்கணும். ஒரு ஹெட்லைட் பல்பு இழுக்கிறது 5 ஆம்பியர். செல்ஃப் மோட்டார் இழுக்கிறது 100 ஆம்பியருக்கு மேல. பேட்டரி வலுவில்லைன்னா செல்ஃப் எல்லாத்தையும் தானே உறிஞ்சிடும், பொறி அடிக்க மிச்சம் இருக்காது. சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்குது. வண்டி சும்மா நிக்கும்போது பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்டணும். செல்ஃப் அடிக்கும்போது பத்துக்குக் கீழ ரொம்ப இறங்கினா, பேட்டரியை சார்ஜ் ஏத்திட்டு அப்புறம் மத்ததைப் பாருங்க. டெர்மினல்ல வெள்ளையா, பச்சையா பூத்திருந்தா வெந்நீர் ஊத்திச் சுத்தம் பண்ணி, காய வச்சு இறுக்குங்க. அதுக்குக் காசு கிடையாது.

இன்னொண்ணு. சாவியைப் பிடிச்சுத் திருப்பிக்கிட்டே இருக்காதீங்க. அஞ்சு நொடி, மிஞ்சினா பத்து நொடி. அப்புறம் அரை நிமிஷமாவது விடுங்க. விடாம அடிச்சா செல்ஃப் மோட்டார் சூடாகிக் கருகும், பேட்டரி இறங்கும். ஒரு பழுதோட வந்த வண்டிக்கு மூணு பழுது ஆயிடும்.

இஞ்சினுக்கும் பஞ்ச சூத்திரம்

நம்ம குழுவுக்குப் பஞ்ச சூத்திரம் உண்டு. தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், சரியான திருப்பிச் செலுத்தல், சரியான கணக்கு. இதுல நாலு நல்லா இருந்து ஒண்ணு தப்பினாலும் குழு நிக்கும். இஞ்சினும் அப்படித்தான். அதுக்கும் அஞ்சு வேணும். பெட்ரோல், காத்து, பொறி, அமுக்கம், நேரம்.

உள்ளே நடக்கிறது இதுதான். பெட்ரோலும் காத்தும் கலந்து சிலிண்டருக்குள்ள போகுது. பிஸ்டன் மேல வந்து அதை அமுக்குது. அமுங்கின நேரம் பாத்துப் பிளக்குல பொறி தெறிக்குது. பத்திக்குது, பிஸ்டனைக் கீழ தள்ளுது. ஆம்னியில 796 சி.சி. இஞ்சின், மூணு சிலிண்டர், மூணும் மாறி மாறி இதையே செய்யுது. செல்ஃப் அடிச்சும் ஸ்டார்ட் ஆகலைன்னா, இந்த அஞ்சுல ஏதோ ஒண்ணு வரல. எது வரலைன்னு கண்டுபிடிக்கிறதுதான் வேலை. கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி எதையும் மாத்தக் கூடாது. கணக்கு நோட்டுல பணம் குறைஞ்சா நாம என்ன செய்வோம்? வரவு, செலவு, வங்கி இருப்புன்னு வரிசையாப் பாப்போம். எடுத்ததும் பொருளாளரை மாத்திட மாட்டோம், இல்லையா?

வரிசைக்கு ஒரு விதி இருக்கு. காசு செலவாகாததை முதல்ல, கையில கறை படாததை முதல்ல. கண்ணு, காது, மூக்கு இந்த மூணையும் வச்சு முடிஞ்ச வரைக்கும் பாருங்க. ஸ்பேனர் அப்புறம்.

பெட்ரோல்

பழைய வண்டியில பெட்ரோல் முள்ளை நம்பாதீங்க. முள்ளு கால் டேங்க் காட்டும், டேங்க் காலியா இருக்கும். சந்தேகம் இருந்தா ரெண்டு லிட்டர் ஊத்திட்டு அடுத்ததைப் பேசுங்க. அடுத்தது மூக்கு. நாலைஞ்சு தடவை செல்ஃப் அடிச்ச பிறகு இஞ்சின் பக்கம் பெட்ரோல் வாடையே இல்லைன்னா, பெட்ரோல் வந்து சேரலைன்னு சந்தேகப்படலாம். வாடை மூக்கைத் துளைக்குதுன்னா, அளவுக்கு மேல வந்து ஓவர் ஆயிடுச்சு. அப்ப ஆக்ஸிலேட்டரை மிதிச்சு மிதிச்சு விடாதீங்க, இன்னும் பெட்ரோல் இறங்கும். முழுசா ஒரே மிதியா அழுத்திப் பிடிச்சுக்கிட்டு அஞ்சாறு நொடி செல்ஃப் அடிங்க. காத்து உள்ளே போய் ஈரத்தைக் காய வைக்கும். அநேகமாப் பத்திக்கும்.

கார்பரேட்டர் வச்ச ஆம்னியில பெட்ரோல் பம்ப் இஞ்சின்லயே இருக்கும், இஞ்சின் சுத்தும்போதுதான் இழுக்கும். பெட்ரோல் ஃபில்டர் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்ல இருந்தா உள்ளே பாக்கலாம். வறண்டு கிடக்கா, துரு பிடிச்சிருக்கா, அடியில தண்ணி தேங்கியிருக்கான்னு தெரியும். இஞ்செக்‌ஷன் வண்டியில பம்ப் டேங்குக்குள்ள. சாவியை 'ஆன்' வரைக்கும் திருப்பி நிறுத்திட்டுக் காதைக் கொடுங்க. பின்பக்கம் ரெண்டு நொடி 'உய்ங்'னு சத்தம் வந்து நிக்கணும். வரலைன்னா முதல்ல ஃபியூஸ், அப்புறம் ரிலே, கடைசியிலதான் பம்ப். பத்து ரூபாய் ஃபியூஸுக்காக ஆயிரக்கணக்குல பம்பை மாத்தின கதை நாட்டுல நிறைய. அதே நேரத்துல மீட்டர்ல இஞ்சின் படம் போட்ட மஞ்சள் லைட் எரியுதான்னும் பாருங்க. சாவி 'ஆன்'ல அது எரியவே இல்லைன்னா இஞ்சின் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் போகலைன்னு சந்தேகம். சாவி படமோ பூட்டுப் படமோ விட்டு விட்டு மின்னினா வண்டி உங்க சாவியையே அடையாளம் கண்டுக்கல. மாத்துச் சாவி போட்டுப் பாருங்க.

சித்திரை, வைகாசி வெயில்ல கார்பரேட்டர் வண்டிக்கு ஒரு சீக்கு வரும். ஓடி வந்து நிறுத்தின வண்டி கால் மணி நேரத்துல ஸ்டார்ட் ஆகாது. சூட்டுல குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி, பம்ப் ஆவியை இழுத்துக்கிட்டு நிக்கும். அம்பாசிடர் ஓட்டின அந்தக் காலத்து டிரைவர்கள் பம்ப் மேல ஈரத்துணி சுத்தி வைப்பாங்க. நாமளும் சீட்டைத் தூக்கி விட்டு, நிழல்ல அரை மணி நேரம் ஆற விட்டா சரியாகும். ஆறினதும் ஸ்டார்ட் ஆகுற வண்டிக்கு கார்பரேட்டர் மாத்தத் தேவையில்ல.

இப்ப பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் கலந்து வருது. 2023-க்கு முந்தின பழைய வண்டிகள் இதுக்காகச் செஞ்சது இல்ல. சில பழைய வண்டிகள்ல ரப்பர் டியூப், வாஷர் மாதிரிப் பாகங்களைச் சீக்கிரம் மாத்த வேண்டி வரலாம்னு மத்திய அரசே சொல்லியிருக்கு. எத்தனால் தண்ணியை இழுக்கும். ஒரு மாசம், ரெண்டு மாசம் ஓட்டாம நிறுத்தின வண்டியில இது தொந்தரவு பண்ணும். அதனால பெட்ரோல் டியூபை மாசம் ஒரு தடவை விரலால அழுத்திப் பாருங்க. பிசுபிசுன்னு இருந்தாலோ வெடிப்பு விட்டிருந்தாலோ உடனே மாத்துங்க. அது ஸ்டார்ட் ஆகுறதுக்கு மட்டும் இல்ல, தீப்பிடிக்காம இருக்கிறதுக்கும்.

காத்து

ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்க. நம்ம ஊரு கடலைக்காட்டு ஊரு. கடலை அறுவடை முடிஞ்ச காலத்துல எலி பெட்டிக்குள்ள தொலி, பஞ்செல்லாம் சேர்த்துக் கூடு கட்டியிருக்கும். செம்மண் புழுதியும் அப்பியிருக்கும். மூச்சு அடைச்சா யாருக்குத்தான் ஓட முடியும்? சோக் இழுக்கிற வண்டின்னா மார்கழிக் காலையில இழுக்கணும். மத்தியானச் சூட்டுல இழுத்தா ஓவர் ஆயிடும்.

பொறி

இப்பத்தான் ஸ்பேனர். ஆம்னியில முன் சீட்டைத் தூக்கினா இஞ்சின் தெரியும். ஆற வச்சு, பிளக் ஸ்பேனரால ஒரு பிளக்கைக் கழட்டுங்க. செல்ஃப் அடிச்ச உடனே கழட்டின பிளக் உங்ககிட்ட உண்மையைச் சொல்லும். முனை நனைஞ்சிருந்தா பெட்ரோல் வருது, பொறிதான் வரலை, இல்ல பலவீனமா வருது. முனை காய்ஞ்சு கிடந்தா பெட்ரோல் வரல. இந்த ஒரு சோதனை, வழியை ரெண்டாப் பிரிச்சுக் கொடுத்திடும். கரி பிடிச்சிருந்தா பிரஷ் போட்டுத் துடைச்சு மாட்டுங்க.

பொறி வருதான்னு பாக்க, ஒயரைக் கையில பிடிச்சுப் பாக்குற பழக்கம் சிலருக்கு உண்டு. அதைச் செய்யாதீங்க, ஆயிரக்கணக்கான வோல்ட் அது. ஸ்பார்க் டெஸ்டர்னு விலை குறைஞ்ச சின்னக் கருவி இருக்கு, ஒயருக்கும் பிளக்குக்கும் நடுவுல மாட்டினா விளக்கு மின்னும். பெட்ரோல் வாடை அடிக்கும்போது இந்தச் சோதனையே வேண்டாம். கதவைத் திறந்து விட்டு, வாடை போன பிறகு செய்யுங்க.

பொறி வரலைன்னா இங்கேயும் விலை குறைஞ்சதுலேர்ந்து தொடங்குங்க. காயில்ல மாட்டுற ஒயர் லூசா, ஒயரை எலி கடிச்சிருக்கா, டிஸ்டிரிபியூட்டர் மூடிக்குள்ள ஈரமா, மூடியில மயிரிழை வெடிப்பா, ரோட்டார் தேய்ஞ்சிருக்கா. பழைய அம்பாசிடர்ல பாயிண்ட்டும் கண்டன்சரும் இருக்கும், பாயிண்ட் தேய்ஞ்சு கருகியிருந்தா பொறி வராது. இதெல்லாம் முடிஞ்ச பிறகுதான் காயில்.

போன ஐப்பசி அடைமழையில பாளையம் தாண்டி என் வண்டி நின்னுச்சு. பின்னாடி முப்பது கிலோ மசாலாப் பொடி. ஒரு பட்டறைக்குப் போன் போட்டேன். எந்தப் பட்டறைன்னு வேண்டாம். "கார்பரேட்டர் போயிருக்கும், கட்டி இழுத்துட்டு வாங்க, ஆறாயிரம் ஆகும்"னார். "பாக்காமலே எப்படிண்ணே சொல்றீங்க?"ன்னேன். "வீட்டுல ஆம்பளைங்க யாராவது இருந்தா பேசச் சொல்லும்மா"ன்னார். போனை வச்சுட்டுச் சீட்டைத் தூக்கினேன். பிளக் நனைஞ்சிருந்துச்சு. அப்ப பெட்ரோல் வருது, கார்பரேட்டர் மேல சந்தேகப்பட முதல் காரணமே இல்ல. டெஸ்டர் மாட்டினேன், விளக்கு வரல. டிஸ்டிரிபியூட்டர் மூடியைக் கழட்டினா உள்ளே வேர்த்த மாதிரி ஈரம். சேலைத் தலைப்பால இல்லை, வண்டியில வச்சிருக்கிற காய்ஞ்ச பனியன் துணியால துடைச்சேன், பிளக்கையும் துடைச்சு மாட்டினேன். ரெண்டாவது தடவையில பத்திக்கிச்சு. மறுநாள் புது மூடி வாங்கிப் போட்டேன். அந்த ஆறாயிரம் அந்த மாசத் தவணைக்கு மேல. இதுதான் தெரிஞ்சுக்கிறதோட விலை.

அமுக்கமும் நேரமும்

கடைசி ரெண்டும் காதுல தெரியும். எப்பவும் 'கர்ர்-கர்ர்-கர்ர்'னு தாளத்தோட சுத்துற இஞ்சின், திடீர்னு 'விர்ர்ர்'னு ஒரே சீரா, லேசா, வேகமாச் சுத்துச்சுன்னா அமுக்கம் இல்லைன்னு அர்த்தம். அநேகமா டைமிங் பெல்ட் அறுந்திருக்கும். அப்ப உடனே நிறுத்திடுங்க. சில இஞ்சின்ல வால்வும் பிஸ்டனும் மோதிச் செலவு பல மடங்காயிடும். இது நாம ரோட்டுல பாக்குற வேலை இல்ல, பட்டறைதான். ஆனா அங்கேயும் "கம்ப்ரஷன் கேஜ் வச்சு அளந்து காட்டுங்க"ன்னு கேளுங்க. பழைய வண்டி வாங்கும்போதே டைமிங் பெல்ட் எப்ப மாத்தினதுன்னு கேட்டு, ரசீது இல்லைன்னா முதல் செலவா அதை மாத்திடுங்க.

டீசல் வண்டி வச்சிருக்கிறவங்களுக்கு ரெண்டு வரி. டீசல்ல பிளக் பொறி கிடையாது, அமுக்கத்துலயே பத்திக்கும். பழைய ஜீப்பு செல்ஃப் அடிச்சும் ஸ்டார்ட் ஆகலைன்னா முதல் சந்தேகம் லைன்ல ஏர் பிடிச்சிருக்கிறது. டீசல் தீர்ந்து நின்ன பிறகும், ஃபில்டர் மாத்தின பிறகும் இது வரும். கைப்பம்பை அடிச்சு ஏர் எடுக்கணும். குளிர் காலையில மட்டும் மக்கர்ன்னா ஹீட்டர் பிளக்கைப் பாக்கணும்.

இது பொம்பளை வேலையான்னு கேக்குறவங்களுக்கு

உலகத்துல முதல் முதலா நெடுந்தூரம் கார் ஓட்டினது ஒரு பெண். பெர்த்தா பென்ஸ், ஜெர்மனிக்காரி. கார்ல் பென்ஸோட தொழில்ல இந்த அம்மாவோட சீர்ப்பணமும் போச்சு. வண்டி செஞ்சும் யாரும் நம்பி வாங்கல. 1888 ஆகஸ்ட்ல, வீட்டுக்காரர்கிட்ட சொல்லாம, ரெண்டு பையன்களையும் ஏத்திக்கிட்டு, மான்ஹைம் ஊர்லேர்ந்து போர்ஸ்ஹைமுக்கு, நூறு கிலோமீட்டருக்கு மேல ஓட்டிட்டுப் போனாங்க. அவங்க அம்மா வீடு அங்கே. பெட்ரோல் பங்க் இல்லாத காலம், வழியில மருந்துக் கடையில எரிபொருள் வாங்கி ஊத்தினாங்க. எரிபொருள் குழாய் அடைச்சப்ப தொப்பி ஊசியால குத்தி எடுத்தாங்க. பொறி ஒயர் உரசி எர்த் ஆனப்ப, காலுறைக் கட்டும் பட்டையை அவிழ்த்து ஒயர்ல சுத்தினாங்க. கவனிச்சீங்களா? ஒண்ணு பெட்ரோல், ஒண்ணு பொறி. நாம இன்னிக்குப் பேசின அதே ரெண்டு.

அதுக்கப்புறம் ரொம்ப வருஷம் இஞ்சினைக் கையால ஹேண்டில் போட்டுத்தான் சுத்தினாங்க, உடம்பு வலு உள்ளவங்களுக்குத்தான் கார்னு இருந்துச்சு. 1912-ல காடிலாக் காருல மின்சார செல்ஃப் வந்த பிறகு அந்தப் பேச்சும் போச்சு. நம்ம தமிழ்நாட்டுலயே 1993-ல கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி அம்மா அரசு பஸ் ஓட்டுநரா வேலைக்குச் சேர்ந்தாங்க. அதனால "ஆம்பளையைக் கூப்பிடு"ன்னு யாராவது சொன்னா, கோபப்பட வேண்டாம். அடுத்த கேள்வியைக் கேளுங்க.

பட்டறையில என்ன கேக்கணும்

ரசீது இல்லாம நாம செலவு எழுத மாட்டோம். அதே பழக்கத்தைப் பட்டறைக்கும் கொண்டு போங்க. அஞ்சுல எது வரல? எந்தச் சோதனை பண்ணிப் பாத்தீங்க? என் கண்ணு முன்னாடி ஒரு தடவை காட்டுங்க. பாகத்துக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு? கழட்டின பழைய பாகத்தை என்கிட்ட கொடுங்க. இவ்வளவுதான். நல்ல மெக்கானிக் இதுக்குச் சங்கடப்பட மாட்டார், சந்தோஷமாக் காட்டுவார். நம்ம வட்டாரத்துல அப்படிப்பட்டவங்க இருக்காங்க. என் கைக்குப் பாதி வேலை தெரிஞ்சது அவங்க பக்கத்துல நின்னு பாத்துத்தான். போகும்போதே, "செல்ஃப் நல்லா அடிக்குது, பெட்ரோல் இருக்கு, பிளக் நனைஞ்சிருக்கு, பொறி இல்ல"ன்னு நாலு வார்த்தை சொல்லுங்க. அவருக்கும் நேரம் மிச்சம், உங்களுக்கும் காசு மிச்சம்.

வண்டிக்குள்ள ஒரு நோட்டு வையுங்க. தேதி, கிலோமீட்டர், என்ன கோளாறு, சூட்டுலயா குளிர்லயா மழையிலயா, என்ன மாத்தினோம், எவ்வளவு ஆச்சு. ஆறு மாசத்துல அந்த நோட்டே உங்களுக்கு மெக்கானிக் ஆயிடும். கூடவே ஒரு பிளக் ஸ்பேனர், காய்ஞ்ச துணி, ஸ்பார்க் டெஸ்டர், மாத்து ஃபியூஸ், டார்ச் லைட்.

பத்திரத்தையும் சொல்லிடுறேன். வண்டி நின்னா ஓரமா ஒதுக்கி, நியூட்ரல் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பிள்ளைங்களை இறக்கித் தள்ளி நிக்க வையுங்க. தீக்குச்சி, பீடி பக்கத்துலயே வரக் கூடாது. கார்பரேட்டர் வாயில பெட்ரோல் ஊத்தி ஸ்டார்ட் பண்றேன்னு யாராவது வந்தா விடாதீங்க, முகம் வெந்து போகும். முந்தானையும் சடையும் ஃபேன் பக்கம் போகாம முடிஞ்சுக்குங்க. செலவு குறையும்னு வீட்டுச் சமையல் கேஸ் சிலிண்டரை வண்டியில மாட்டுறது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. அந்தச் சிக்கனம் நமக்கு வேண்டாம்.

கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை வச்சு முடிச்சுக்கிறேன். ஆட்டுக்கு, மாட்டுக்கு, தையலுக்குப் பயிற்சி வைக்கிறோம். வண்டிக்கடன் கொடுக்கும்போது ஒரு நாள் வண்டிப் பயிற்சியும் கூடவே வைக்கணும். திண்டுக்கல் அரசு ஐ.டி.ஐ.யில இதைச் சொல்லித் தர ஆள் இருக்காங்க, கேட்டுப் பாக்கலாம். கூட்டமைப்பு அலுவலகத்துல ஒரு மல்டிமீட்டரும் ஒரு கம்ப்ரஷன் கேஜும் வாங்கி வச்சா, பதிவேட்டுல கையெழுத்துப் போட்டு யாரும் எடுத்துட்டுப் போகலாம். அடுத்த மாதக் கூட்டத்துல இதைத் தீர்மானமா எழுதணும்னு கேட்டுக்கிறேன். அன்னிக்கு என் ஆம்னியை வாசல்ல நிறுத்துறேன். யார் வேணும்னாலும் சீட்டைத் தூக்கி, பிளக்கைக் கழட்டிப் பாக்கலாம்.